மிக்ஸி நாப்புக்காக ஃப்ரீகேட் கற்றுக்கொள்வது

கேட் (CAD, கணினியில் பொருள்களை அளவோடு வரைவது) கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களிடம், வீடியோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டில் உடைந்து கிடக்கும் ஒரு பிளாஸ்டிக் சாமானை எடுத்து மேசைமேல் வையுங்கள் என்றுதான் சொல்வேன். வேலை ஒன்று இருந்தால்தான் அந்த நூற்றுக்கணக்கான பட்டன்களில் எது நமக்குத் தேவை, எதைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம் என்பது தெரியும். எனக்கு அப்படி அமைந்தது மிக்ஸியின் ஸ்பீடு நாப். விரிந்துபோய், திருப்பினால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கடையில் கேட்டால் நாப் மட்டும் தனியாக வராது, சுவிட்சோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்றார்கள். சரி, நாமே வரைந்து 3டி பிரிண்டரில் அடித்துக்கொள்வோம் என்று இறங்கினேன்.

இலவசம் என்று பார்த்தால் கேட் மென்பொருள்கள் பல. டிங்கர்கேட் பிரவுசரிலேயே ஓடும், பள்ளிப் பிள்ளைகூட ஒரு மாலையில் பழகிவிடும், ஆனால் வரைந்த பிறகு ஓர் அளவை மட்டும் மாற்ற வேண்டும் என்றால் கையைப் பிசைய வேண்டியதுதான். ஆன்ஷேப்பின் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது எல்லோருக்கும் தெரியும்படி பொதுவில் இருக்கும். ஃப்யூஷனின் தனிநபர் உரிமத்தில் ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகள் பத்துதான். வரைவதற்குப் பதில் புரோகிராம் எழுதியே உருவம் செய்கிற ஓப்பன்எஸ்கேட், புரோகிராம் எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும். நான் ஃப்ரீகேடை எடுத்தேன். இணையம் இல்லாமலும் ஓடும், கணக்கு எதுவும் தொடங்க வேண்டாம், நாளைக்கு யாரும் விதியை மாற்றி என் கோப்பைப் பூட்ட முடியாது. 2002-ல் தொடங்கிய திட்டம் அது, 1.0 என்ற எண்ணைத் தொட 2024 நவம்பர் ஆகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக 'இன்னும் முடியவில்லை' என்று சொல்லிக்கொண்டே ஊருக்கெல்லாம் வேலை செய்து கொடுத்த மென்பொருள்!

முதலில் குழப்புவது வொர்க்பெஞ்ச் என்கிற ஏற்பாடு. பார்ட் என்று ஒன்று, பார்ட் டிசைன் என்று ஒன்று, டிராஃப்ட் என்று இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவிப்பட்டை. இந்த மாதிரிச் சின்னச் சாமான்களுக்குப் பார்ட் டிசைனும் ஸ்கெட்சரும் போதும், மற்றதை மறந்துவிடுங்கள். ஸ்கெட்ச் வரை, பேட் போட்டு உயர்த்து, பாக்கெட் போட்டுக் குடை, ஓரத்தை ஃபில்லெட்டால் உருட்டு. தொண்ணூறு சதவீத வேலை இதிலேயே முடிந்துவிடும்.

சரி, நாப்புக்கு வருவோம். அளவெடுக்க வேண்டியது பழைய நாப்பை அல்ல, அது மாட்டியிருந்த சுவிட்சின் தண்டை. பழைய ஓட்டை தேய்ந்து விரிந்ததால்தானே இந்த வேலையே வந்தது! டிஜிட்டல் வெர்னியரில் பார்த்தால் தண்டின் விட்டம் 6 மி.மீ., ஒரு பக்கம் சீவியிருப்பதால் அங்கிருந்து எதிர்ப்பக்கம் வரை 4.5 மி.மீ., அதாவது நடுப்புள்ளியிலிருந்து தட்டைப் பகுதி 1.5 மி.மீ. தள்ளி. ஸ்கெட்சில் கோட்டைக் கண்ணளவில் இழுத்தால் போதும். துல்லியத்தைக் கொடுப்பது கன்ஸ்ட்ரெய்ன்ட். இந்த வட்டத்துக்கு இவ்வளவு விட்டம், இந்தக் கோடு செங்குத்து, நடுப்புள்ளிக்கும் கோட்டுக்கும் இவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல கோடுகள் அசைவை இழந்து, எல்லாம் கட்டுப்பட்டதும் முழு ஸ்கெட்சும் பச்சையாகிவிடும். அந்தப் பச்சை வராமல் மேலே போகாதீர்கள், அப்புறம் ஓர் அளவை மாற்றினால் உருவம் எங்கெங்கோ இழுத்துக்கொள்ளும். இன்னொன்று, தட்டைப் பகுதி எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்பதை மிக்ஸி பூஜ்யத்தில் இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாப் கச்சிதமாக உட்காரும், ஆனால் அதன் கோடு 1 என்ற எண்ணைக் காட்டும்போது மிக்ஸி நின்றிருக்கும்.

பிரிண்டரில் வரும் ஓட்டை வரைந்ததைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும். எவ்வளவு என்பது உங்கள் பிரிண்டரையும் ஃபிலமென்ட்டையும் (அது உருக்கி அடிக்கும் பிளாஸ்டிக் இழை) பொறுத்தது. அதனால் ஃப்ரீகேடுக்குள்ளேயே இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டில் தண்டின் விட்டம் ஒரு செல், இடைவெளி ஒரு செல் என்று பெயர் வைத்து, ஸ்கெட்சின் அளவுகளை அவற்றோடு இணைத்துவிடுவேன். இடைவெளி 0.2 என்றால் ஓட்டை 6.2 ஆகும், தட்டைப் பகுதி தானாக 1.6-க்கு நகரும். முழு நாப்பையும் அடிக்காமல் ஓட்டையைச் சுற்றி 5 மி.மீ. உயர வளையம் மட்டும் அடித்துத் தண்டில் மாட்டிப் பார்க்கலாம். இறுக்கமா, செல்லில் ஓர் எண்ணை மாற்று, மறுபடி ஒரு வளையம், சில நிமிட வேலைதான்.

பழைய பதிப்புகளில் இந்த அளவு மாற்றும் கட்டத்தில்தான் ஃப்ரீகேட் பலரை விரட்டியது. பக்கங்களுக்கும் ஓரங்களுக்கும் அது உள்ளே எண் போட்டு வைத்துக்கொள்ளும். முந்தைய ஸ்கெட்சைத் திருத்தினால் எண்கள் இடம் மாறி, மேல் ஓரத்தில் போட்ட ஃபில்லெட் எங்கோ ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும், அல்லது மொத்தமும் பிழை காட்டிச் சிவப்பாகிவிடும். 1.0-ல் இது பெருமளவு சரியாகிவிட்டது. அதற்கு முந்தைய வீடியோக்களைப் பார்த்து இது தேறாத மென்பொருள் என்று முடிவுகட்டியவர்கள் இன்னொரு முறை திறந்து பார்க்கலாம்.

அச்சடிக்கும்போது எப்படிப் படுக்க வைக்கிறோம் என்பது முக்கியம். நாப்பின் முகத்தைக் கீழே வைத்து ஓட்டை மேலே பார்த்தபடி அடித்தால் ஒவ்வோர் அடுக்கும் தண்டைச் சுற்றி முழு வளையமாக விழும். பக்கவாட்டில் படுக்க வைத்தால் தண்டில் அழுத்தி மாட்டும்போது அடுக்குகளுக்கு நடுவே பிளந்துவிடும். மிக்ஸி நாப்புக்குப் பி.எல்.ஏ. என்ற வகை ஃபிலமென்ட் தாங்கும். ஆனால் அது 60 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கும் என்பதால் நான் இன்னும் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. போட்டேன். கேஸ் அடுப்பு நாப்பை மட்டும் இப்படிச் செய்யாதீர்கள், முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அடுப்பை அணைக்க முடியாமல் நிற்க வேண்டாம். ஜாருக்கு அடியில் சுழலும் கப்ளரும் வேண்டாம். அந்த வேகத்தில் உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

பிரிண்டர் இல்லாதவர்கள் எஸ்.டி.எல். கோப்பை (3டி பிரிண்டருக்குக் கொடுக்கும் வடிவக் கோப்பு) கொடுத்து வெளியில் அடித்து வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பில் அலகு இருக்காது, வெறும் எண்கள்தான், எனவே மில்லிமீட்டர் என்று வாயால் சொல்லிவிடுங்கள். பித்தளையிலோ இரும்பிலோ வேண்டுமென்றால் ஃப்ரீகேடின் டெக்டிரா வொர்க்பெஞ்சில் அளவுகளோடு படம் போட்டு பி.டி.எஃப். எடுத்துப் பேப்பரில் அச்சிட்டு எடுத்துப் போங்கள். லேத் பட்டறை அண்ணன் பென்டிரைவை வாங்க மாட்டார், பேப்பரைப் பார்த்து ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு சாயங்காலம் வரச் சொல்வார்.