நாற்பது அடியில் நின்ற தந்தி

தந்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. போன மாதம் மகளும் நானும் உட்கார்ந்தோம். ஒரு இரும்பு போல்ட், அதன்மேல் நாற்பது சுற்று செம்புக் கம்பி, ஒரு டார்ச் செல், காலிங்பெல் பொத்தான். போல்ட்டுக்கு மேலே சிறு இடைவெளி விட்டு ஒரு ஹாக்சா பிளேடு, அதற்கும் மேலே ஒரு ஆணி. பொத்தானை அழுத்தினால் பிளேடு ‘டக்’கென்று இறங்க வேண்டும்.

இறங்கவில்லை. கம்பி முனைகளில் எனாமல் பூச்சைச் சுரண்டவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உப்புத்தாளில் தேய்த்ததும் பிளேடு போல்ட்டில் ஒட்டியது, ஆனால் விடவில்லை. மின்சாரம் நின்றாலும் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கிவிடுகிறது. போல்ட் தலையில் செல்லோடேப் ஒட்டினோம், சரியானது.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். பொத்தானை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், கைப்பிடிச் சுவரைச் சுற்றி நூறு மீட்டர் மெல்லிய கம்பி இழுத்தோம். பிளேடு அசையவே இல்லை. புது செல் போட்டும் பயனில்லை.

அமெரிக்காவில் தந்தியை உருவாக்கிய சாமுவேல் மோர்ஸும் இதே இடத்தில்தான் நின்றார். நியூயார்க்கில் அவருடைய கருவி நாற்பது அடியைத் தாண்டவில்லை. 1836இல் அதைப் பார்த்த வேதியியல் பேராசிரியர் லியோனார்ட் கேல், மின்காந்தங்களை ஆராய்ந்த ஜோசப் ஹென்றியின் 1831 கட்டுரையைப் படித்தவர். ஒரு செல்லுக்குப் பதில் பல செல்களை வரிசையாக இணைக்க வேண்டும், காந்தத்துக்குச் சுற்றுகளைக் கூட்ட வேண்டும் என்றார். மாற்றிய பிறகு பத்து மைல் போனது. தந்தி என்றதும் ஹென்றி பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

மோட்டார் காயில் கட்டுபவரிடம் மெல்லிய கம்பியை எடை போட்டு வாங்கி வந்தேன். ஆயிரம் சுற்று. நூறுக்கு ஒரு கோடாக மகள் நோட்டில் குறித்தாள். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. ஆறு செல்களை வரிசையாக இணைத்தோம். மாடியில் அவள் அழுத்த, கீழே கூடத்தில் ‘டக்’! போல்ட்டில் இறங்கும்போது ஒரு சத்தம், ஆணியில் ஏறும்போது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நேரம் குறைந்தால் மோர்ஸ் குறியீட்டில் புள்ளி, நீண்டால் கோடு.

மோர்ஸின் வாஷிங்டன்–பால்டிமோர் தந்தித் தடம் அமெரிக்க அரசு தந்த 30,000 டாலரில் உருவாகி, 1844 மே மாதம் ஓடத் தொடங்கியது. மறு வருடம் தபால் துறை கட்டணம் வைத்தது, நான்கு எழுத்துக்கு ஒரு சென்ட். வரவு செலவைத் தொடவில்லை. மோர்ஸ் 100,000 டாலருக்குக் கொடுக்க முன்வந்தும் அரசு வாங்கவில்லை. தந்தி தனியார் கம்பெனிகளின் கைக்குப் போனது.

மகள் அனுப்பிய முதல் சொல் ‘அம்மா’, ஆங்கில எழுத்தில். அந்தக் கட்டணப்படி சரியாக ஒரு சென்ட். கீழே நான் எழுதிக்கொண்டேன்: புள்ளி கோடு, கோடு கோடு, கோடு கோடு, புள்ளி கோடு.