சேர்க்கைக் காலம்: ஒரு கல்லூரி ஆலோசகரின் நாட்குறிப்பு

2025 ஜூலை 28, திங்கள்

இலையுதிர் செமஸ்டர் ஆகஸ்ட் 25 அன்று தொடங்குகிறது. இன்றைக்கே எங்கள் அலுவலக வாசலில் வரிசை. கலிஃபோர்னியாவின் 116 கம்யூனிட்டி கல்லூரிகளில், அதாவது இரண்டு வருஷ அரசுக் கல்லூரிகளில், எங்களுடையதும் ஒன்று. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "எந்த கிளாஸ்ல இடம் இருக்கு?"

இடம் இருக்கிற வகுப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டே போனால் யூனிட் (பாடப் புள்ளி) சேரும், பட்டம் சேராது. எழுபது யூனிட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு, பல்கலைக்கழகத்துக்கு மாறத் தேவையான ஒரே ஒரு கணிதப் பாடம் இல்லாமல் நிற்கிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அந்தப் பாடத்தை முதல் வருஷமே எடுக்கச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

அதனால் நான் அட்டவணையை உடனே திறப்பதில்லை. வேலை எத்தனை மணி நேரம், எந்த ஷிஃப்ட், வீட்டில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டுமா, வருவது காரிலா பஸ்ஸிலா, இதெல்லாம் முதலில். ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து வாரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். 12 யூனிட் எடுத்தால் முழுநேர மாணவர். அதுவே 36 மணி நேரம். இதை யாரும் இவர்களிடம் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை.

ஜூலை 31, வியாழன்

பொறியியல் படிக்க வேண்டும் என்று ஒரு பையன் வந்தான். வயது 19. கிடங்கு ஒன்றில் வாரத்துக்கு 28 மணி நேரம் இரவு வேலை. ஆண்டியாக் என்ற ஊரிலிருந்து பார்ட் புறநகர் ரயிலில் வருகிறான். கால்குலஸ் 1 எல்லாப் பிரிவிலும் நிறைந்துவிட்டது. அவன் வெயிட்லிஸ்ட்டில் ஏழாவது ஆள். "பரவாயில்லை, வசந்தத்தில் எடுத்துக்கறேன்" என்றான் ரொம்பச் சாதாரணமாக.

ஒரு தாளை எடுத்து நான்கு செமஸ்டரையும் கட்டம் போட்டேன். இப்போது கால்குலஸ் 1. வசந்தத்தில் கால்குலஸ் 2, கூடவே இயற்பியல் 1, ஏனென்றால் கால்குலஸ் 1 முடிக்காமல் இயற்பியலில் கால் வைக்க முடியாது. அடுத்த இலையுதிரில் கால்குலஸ் 3, இயற்பியல் 2. 2027 வசந்தத்தில் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ், இயற்பியல் 3. அந்த இலையுதிரில் பல்கலைக்கழகம். எல்லாம் சரியாகப் பொருந்துகிறது, ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

இப்போது கால்குலஸ் 1-ஐ வசந்தத்துக்குத் தள்ளினால்? கால்குலஸ் 2-ஐக் கோடையில் எடுத்துக் கணிதத்தைப் பிடித்துவிடலாம். இயற்பியல் பிடிபடாது. அது 2026 இலையுதிரில்தான் தொடங்கும், 2027 டிசம்பரில்தான் முடியும். யுசி என்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களின் பொறியியல் துறைகள் மாறுதல் மாணவர்களைப் பெரும்பாலும் இலையுதிரில்தான் சேர்க்கின்றன. ஆக, ஒரு வகுப்பு தள்ளிப்போனால் ஒரு முழு வருஷம்.

பையன் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "இதை ஏன் எனக்கு ஜூன் மாசமே யாரும் சொல்லலை?" என்றான். நியாயமான கேள்வி. பக்கத்துக் கல்லூரிகளின் அட்டவணைகளையும் திறந்தோம். ஒன்றில் சனிக்கிழமை வகுப்பில் நான்கு இடம் இருந்தது. அந்தப் பாடத்தை யுசி ஏற்கிறதா என்று, எந்தக் கல்லூரிப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் சரிபார்த்தோம். ஏற்கிறது. வெயிட்லிஸ்ட்டை விடாதே, இதையும் மனதில் வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு அம்மா, மகனோடு. என் பெயர்ப் பலகையைப் பார்த்ததும், "நீங்க தமிழா? அப்பாடா!" என்றார். மகன் இந்த ஜூனில்தான் உயர்நிலைப் பள்ளி முடித்தவன். அவனுடைய மதிப்பெண் விவரத்தைக் கேட்டார். மகன் எழுதிக் கொடுக்காமல் நான் பேச முடியாது. கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்த உரிமை மாணவருடையது, கட்டணம் கட்டுவது யாராக இருந்தாலும் மத்தியச் சட்டம் அப்படித்தான். அவர் முகம் சுருங்கிவிட்டது. மகன் சிரித்துக்கொண்டே படிவத்தில் கையெழுத்துப் போட்டான். சரி, பேச ஆரம்பித்தோம்.

அவருடைய கவலை வேறு. "எங்க சொந்தக்காரங்க எல்லாம் பெர்க்லி, யுசிஎல்ஏன்னு சொல்றாங்க. இவன் இங்க சேர்ந்திருக்கான்னு சொல்லவே ஒரு மாதிரியா இருக்குங்க."

இதை நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு வலிக்கிறது. பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். 1960-ல் கலிஃபோர்னியா உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டபோதே இந்த வழி அதில் இருந்தது: இங்கே இரண்டு வருஷம், அப்புறம் பல்கலைக்கழகம். டேக் என்ற உத்தரவாதத் திட்டத்தில் யுசியின் ஆறு வளாகங்கள் இருக்கின்றன: டேவிஸ், அர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். சொன்ன பாடங்களை, சொன்ன மதிப்பெண்ணோடு முடித்தால் இடம் உறுதி. பெர்க்லியும் யுசிஎல்ஏவும் சான் டியேகோவும் அதில் இல்லை, ஆனால் விண்ணப்பிக்கலாம். பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும்.

கட்டணத்தையும் சொன்னேன். மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 2012 கோடையிலிருந்து அதே தொகை. 15 யூனிட்டுக்கு 690 டாலர். அவர் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஒன்றை நானாகவே எடுத்தேன். குடும்பம் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறது, பையன் அதைச் சார்ந்த ஹெச்-4 விசாவில். 21 வயதானால் அந்த விசா நிற்காது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதென்றால் முன்கூட்டியே குடியேற்ற வழக்கறிஞரையும் எங்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் பார்த்துவிட வேண்டும். இரண்டாம் வருஷக் கடைசியில் அடித்துப்பிடித்து ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கட்டணம் கட்டாதவர்களை இன்று காலை கணினி தானாகவே வகுப்புகளிலிருந்து நீக்கிவிட்டது. அவர்களில் பலர் கட்டண விலக்குக்குத் தகுதியானவர்கள், படிவம் மட்டும் பாக்கி. மாலைவரை இதே வேலை. இந்த நடைமுறை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கையில் பணமில்லாதவர்கள்தான் ஒவ்வொரு தடவையும் இதில் மாட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு குழந்தைகளின் தாய். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நர்ஸாக வேண்டும். உடற்கூறியல், அப்புறம் உடலியங்கியல், நுண்ணுயிரியல் என்று இவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு முன்னால் ஆன்லைனில் உளவியல் எடுக்க நினைத்தார். எல்லாம் நிறைந்துவிட்டது.

நிறைந்தது நிஜ மாணவர்களால்தானா என்பது வேறு கதை. சில வருஷங்களாக மோசடிக் கும்பல்கள் போலிப் பெயர்களில் விண்ணப்பித்து, உதவித்தொகைக்காக ஆன்லைன் வகுப்புகளில் புகுந்துகொள்கின்றன. முன்பாடம் எதுவும் கேட்காத வகுப்புகள்தான் அவர்களுக்கு வசதி. பேராசிரியர்கள் முதல் வாரத்திலேயே ஆட்களைச் சரிபார்த்து நீக்குகிறார்கள். அதற்குள் நிஜமான தாய் ஒருவர் மனம் வெறுத்துப் போயிருப்பார்.

இவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 2022-ல் வந்த ஏபி 2881 சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே பிள்ளை இருந்து, அந்தப் பிள்ளையின் செலவில் பாதிக்கு மேல் தாங்கும் மாணவர்களுக்கு முன்னுரிமைப் பதிவு உண்டு. அவர் அப்படிக் குறிப்பிட்டிருந்தால் வசந்த காலத்திலேயே, எல்லோருக்கும் முன்னால் வகுப்பைப் பிடித்திருக்கலாம். "எனக்கா? முன்னுரிமையா?" என்று கேட்டார். படிவத்தை இங்கேயே நிரப்பினோம். உளவியல் வெயிட்லிஸ்ட்டில் பெயர் சேர்த்தோம். ஒரே பாடம் போதும், மூன்று யூனிட் என்று முடிவு செய்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று ஒருவருக்குப் பதினைந்து நிமிஷம் என்று ஒதுக்கியிருந்தார்கள். பதினைந்து நிமிஷத்தில் ஒருவருடைய வேலை நேரத்தைக்கூட முழுசாகக் கேட்க முடியாது.

மாணவர்கள் பட்டத்தை முடிக்க உதவும், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏசாப் திட்டத்தைப் பற்றி யாராவது எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். 2007-ல் தொடங்கியது. அங்கே ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். திட்டத்தில் சேராத ஒப்பீட்டுக் குழுவில் ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500. எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துத் தொடர்ந்து பார்த்தது. மூன்று வருஷத்தில் பட்டம் பெற்றவர்கள் அந்தத் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22. உதவித்தொகை போக மீதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தார்கள், பயணச் சீட்டும் கொடுத்தார்கள், அதுவும் காரணம்தான். ஆனால் மாதாமாதம் ஒரே ஆள் உன்னை உட்காரவைத்துப் பேசுவதும் அதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

முதல் நாள். எழுதத் தெம்பில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆண்டியாக் பையன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தான். முதல் வகுப்புக்கு வராதவர்களைப் பேராசிரியர் நீக்கியதில் ஏழாவது ஆளுக்கும் சேர்க்கைக் குறியீடு கிடைத்துவிட்டது. பத்தரை மணிக்குக் குறியீடு வந்திருக்கிறது. அன்றே கணினியில் போடாவிட்டால் செல்லாது என்று தெரிந்து, ரயிலில் வரும்போதே செல்பேசியில் போட்டுவிட்டான். முதல் நாள் வகுப்புக்குப் போய் நின்றாயா என்றேன். "சுவரோரமா நின்னேன், நாற்காலி இல்லை." வெயிட்லிஸ்ட்டில் இருப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: முதல் வகுப்புக்குப் போய் நின்றுவிடுங்கள்.

கால்குலஸ் 5, வேதியியல் 5, ஆங்கிலம் 3. மொத்தம் 13 யூனிட், வாரத்துக்கு 39 மணி நேரம். வேலை 28. கூட்டினால் 67. எதை விடலாம் என்று பேசினோம். ஆங்கிலத்தை விட்டால் 10 யூனிட். பெல் என்கிற மத்திய அரசு உதவித்தொகை அதற்கேற்பக் குறையும். சனிக்கிழமை ஷிஃப்டைக் குறைத்துக் கேட்டுப் பார்க்கிறேன் என்றான்.

செப்டம்பர் 4, வியாழன்

பணம் திரும்பக் கிடைக்கும் கடைசி நாட்கள். எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவி ஒருவர் ஒரு வகுப்பைக் கைவிட்டுவிட்டு வந்து சொல்கிறார், முழுநேரத்துக்குத் தேவையான 12-க்குக் கீழே, 9 யூனிட் ஆகிவிட்டது. கைவிடுவதற்கு முன்னால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். நல்லவேளை, அந்த வகுப்பில் இன்னும் இடம் இருந்தது. திரும்பப் போட்டோம்.

உளவியலில் போலிப் பெயர்கள் நீங்கி, அந்தத் தாய்க்கு இடம் கிடைத்துவிட்டது. மின்னஞ்சலில் எழுதியிருந்தார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டேக் விண்ணப்பம் இந்த மாதம் முழுவதும் திறந்திருக்கும், 30-ல் மூடிவிடும். அடுத்த வருஷம் மாறுகிறவர்கள்தான் இப்போது வரிசையில். இந்த இலையுதிரில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பொதுப்பாடங்கள் கால்-கெட்சி என்ற புதிய முறைப்படி, 11 பாடங்கள், 34 யூனிட். முன்பே சேர்ந்து இடைவிடாமல் படிப்பவர்கள் பழைய முறையிலேயே முடிக்கலாம். பாதிப் பேருக்கு இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைப்பதிலேயே நாள் போனது.

மாலையில் ஆண்டியாக் பையனின் கல்வித் திட்டத்தைக் கணினியில் ஏற்றினேன். சனிக்கிழமை ஷிஃப்ட் குறைந்துவிட்டது, இப்போது 20 மணி நேரம். அவனுக்குப் பொதுப்பாடங்களைவிடத் துறைப் பாடங்கள்தான் முதலில். வசந்தத்துக்கு கால்குலஸ் 2, இயற்பியல் 1, ஒரு கணினி நிரலாக்கப் பாடம். பதிவு நவம்பரில் திறக்கும், அக்டோபர் கடைசியில் வந்து என்னைப் பார்க்கச் சொல்லி நேரம் கொடுத்திருக்கிறேன். அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.