பத்தாவது கல்லில் நாற்காலி

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில், வளவை (உள்முற்றத்தை) ஒட்டிய நீண்ட அறையொன்றைப் பாட்டுக் கேட்பதற்கென ஒதுக்கிக்கொண்டேன். நீளம் 7 மீட்டர், அகலம் 4.2 மீட்டர், தரையில் எட்டங்குல ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு. இவற்றிலிருந்து எழுந்த எதிரொலியை ஜமக்காளமும் கனத்த திரைச்சீலையும் ஓரளவு அடக்கிவிட்டன. ஆறரை அங்குல ஊஃபர் (தாழொலிக் கூம்பு) கொண்ட ஸ்பீக்கர்களுக்குத் துணையாக, மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள சப்வூஃபர் பெட்டியை மூலையில் வைத்தபோதுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. “ஏம்ப்பா, வாசல்ல லாரி நிக்குதா?” என்று அப்பத்தா கேட்டார்.

அது நியாயமான கேள்வியே. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் என்பதால், 7 மீட்டர் நீளத்திற்குள் 24.5 ஹெர்ட்ஸிலும் 49 ஹெர்ட்ஸிலும் அலைகள் நின்று முழங்கும். சுவரோரத்தில் அவை உச்சத்தில் இருக்கும், என் நாற்காலியோ பின்சுவரை ஒட்டியே கிடந்தது. அதை 2 மீட்டர் முன்னே நகர்த்தியதும் 49 ஹெர்ட்ஸ் உறுமல் பெரிதும் தணிந்தது. பிறகு, சப்வூஃபரை நாற்காலியின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, அறையெங்கும் தவழ்ந்து, பேஸ் (தாழொலி) சீராகக் கேட்ட இடத்தைத் தேடி அங்கே அதை இறக்கினேன். இந்த வயதில் தவழ்வதைப் பிள்ளைகள் படமெடுத்தது தனிக்கதை.

ஸ்பீக்கர்களையும் சப்வூஃபரையும் இயக்கும் ரிசீவரில், தாழொலியைப் பிரித்துச் சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்திருந்தும், சப்வூஃபரின் பின்புறக் குமிழையும் 80-இலேயே விட்டிருந்தது என் அறியாமை. ஒரே வேலையை இரண்டு வடிகட்டிகள் செய்தன. குமிழைக் கடைசி வரை திருப்பி விட்டேன்.

அப்போதும் மிருதங்கத்தில் வலந்தலை (வலப்பக்கம்) ஓரிடத்திலும், தொப்பியின் (இடப்பக்கத்தின்) ஆழ்ந்த கும்காரம் சற்றுப் பிந்தி வேறோரிடத்திலும் கேட்பதுபோல் இருந்தது. ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சந்திக்கும் 80 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிக்கொண்டிருந்தன. இதைச் சரிசெய்ய, சப்வூஃபரின் அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்சை வேண்டுமென்றே 180 டிகிரிக்கு மாற்றி, 80 ஹெர்ட்ஸ் ஒலியை இடைவிடாது ஓடவிட்டு, நாற்காலியில் அது மிக மெலிதாகக் கேட்கும் வரை ரிசீவரில் சப்வூஃபருக்கான தூரத்தை (இதைக் கூட்டினால் மற்ற ஸ்பீக்கர்களின் ஒலி அதற்காகக் காத்திருக்கும்) சிறிது சிறிதாகக் கூட்டினேன். எதிர்நிலையில் முழுமையாக அழிந்தால், சுவிட்சை மீண்டும் 0-க்குத் திருப்பும்போது இரண்டும் முழுமையாகச் சேரும் என்பதே கணக்கு. டேப் வைத்து அளந்த தூரம் 2.9 மீட்டர், பொருந்திய எண் 4.3. இடைப்பட்ட 1.4 மீட்டர் என்பது ஏறத்தாழ 4 மில்லிசெகண்ட். சப்வூஃபர் தன் உள்மின்னணுவில் எடுத்துக்கொள்ளும் தாமதம் அது. டேப்பை நம்பி மூன்று வாரம் வீணாக்கியிருந்தேன்.

இப்போது தொப்பியும் வலந்தலையும் ஒரே வாத்தியமாகக் கேட்கின்றன. 24.5 ஹெர்ட்ஸ் முழக்கம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நடுவழியில் கிடக்கும் நாற்காலியை அப்பத்தா தினமும் சுவரோரம் தள்ளிவிடுகிறார்; நான் பின்சுவரிலிருந்து பத்துக் கல் எண்ணித் திரும்பப் போட்டுக்கொள்கிறேன்.