மண்ணா, மூஞ்சியா?

தேவகோட்டைப் பக்கம் ஒரு ஊராட்சியில் நூறு நாள் வேலைக்குப் பணித்தளப் பொறுப்பாளராக இருந்தேன். கண்மாய் தூர்வாருவது, வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலை வெட்டுவது, இவைதான் பெரும்பாலும். வருகையைப் பதியும் செயலி 2021-இல் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஏறக்குறைய எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமானது. காலையில் ஒரு குரூப் போட்டோ, நாலு மணி நேரம் கழித்து இன்னொன்று.

வராத ஆளுக்கு வருகை போடும் மோசடியைத் தடுக்கத்தான் இது. அப்படி நடந்ததே இல்லை என்று நான் சாதிக்கமாட்டேன். ஆனால் கூலி, வெட்டிய மண்ணின் அளவுக்குத்தான். ஓவர்சியர் டேப் பிடித்து அளந்து எழுதுவார். வெயில் ஏறுமுன் தங்கள் குழியை முடித்துவிட்ட பெண்கள், இரண்டாவது படத்துக்காகக் கருவேல நிழலில் காத்துக் கிடந்தார்கள்.

"ஏத்தா, வெட்டுன மண்ணைப் படம் புடிச்சா பத்தாதா? மூஞ்சிதான் வேணுமாக்கும்?" என்றார் ஒரு அப்பத்தா.

ஆண்ட்ரூ ஃபீன்பெர்க் என்ற தத்துவ அறிஞர் பக்கம் பக்கமாக எழுதுவதும் ஏறக்குறைய இதைத்தான். யாருடைய தேவை பெரிது என்ற முடிவு கருவியை வடிவமைக்கும்போதே உள்ளே போய் உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் செயலியில் மேலிடத்தின் சந்தேகத்துக்கு இடம் இருந்தது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் காரணம் சொல்ல இடம் இல்லை.

பயன்படுத்துகிறவர்கள் கருவியைத் தங்கள் பக்கம் வளைக்கலாம் என்றும் அவர் சொல்கிறார். பிரான்சில் 1980-களில் தகவல் பார்க்க வீடுகளுக்குக் கொடுத்த மினிடெல் பெட்டியை, மக்கள் தங்களுக்குள் அரட்டையடிக்க எடுத்துக்கொண்டார்கள். சரி, அங்கே பெட்டி அவர்கள் வீட்டில் இருந்தது. இங்கே போன் என் கையில். மஸ்டர் ரோல், அதாவது அன்றைய வருகைப் பட்டியல், போனில் இறங்க நானே கரைமேல் ஏறி சிக்னல் தேடவேண்டும்.

வளைத்தவர்கள் வேறு ஆட்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள், சம்பந்தமில்லாத படங்களும் வருகின்றன என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துச் சரிபார்க்கச் சொன்னது. முக்காடு போட்ட இருபது பேரில் யார் யாரென்று நாற்காலியில் உட்கார்ந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கென்னவோ, பட்டியலைக் கிராமசபையில் உரக்கப் படித்தாலே போதும் என்று தோன்றும். வராத ஆள் பேர் வந்ததுமே பின்வரிசையில் யாராவது எழுந்துவிடுவார்கள். கிராமசபை நடத்தும் சமூகத் தணிக்கைக்கு நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, 17-ஆம் பிரிவில், வழி இருந்தது.