ஞாயிறு ஆட்டமும் கொஞ்சம் நடையும்

ஜனவரி 5, ஞாயிறு

காலையிலேயே வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் இறங்கி முல்லை நகர் கிரவுண்டுக்கு நடந்தேன். இரண்டு ஏரியா டீமுக்கும் ஃபுட்பால் ஆட்டம். டிக்கெட் கிடையாது, சுவரோரம் இடம் பிடித்து நின்றால் போதும், டீ தானே தேடி வரும். ஒரு பையன், பதினைந்து வயசு இருக்கும், வலது ஓரத்தில் பந்தை வாங்கி உள்ளே வெட்டி இடது காலால் அடித்துக்கொண்டே இருந்தான், இரண்டு தடவை கோல்கீப்பர் தட்டிவிட்டார், மூன்றாவது உள்ளே போனது. பார்த்ததும் கால்பந்து வீரர் நந்தகுமார் சேகர் ஞாபகம்தான். அவரும் வியாசர்பாடிக்காரர். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலுக்கு அவர் போட்ட கோல் கிட்டத்தட்ட இப்படித்தான் வந்தது. ஆட்டம் 1-0, அந்த ஒரே கோல். அதற்கு முன்னால் கொல்கத்தா டெர்பியில், அதாவது இந்த இரண்டு கொல்கத்தா கிளப்பும் மோதும் ஆட்டத்தில், ஈஸ்ட் பெங்கால் தொடர்ந்து எட்டு தடவை தோற்றிருந்தது.

மேடும் பள்ளமுமான தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாது. அதனால்தான் இந்தப் பசங்க பந்தை உள்ளங்காலை விட்டு விலகவே விடுவதில்லை என்று நினைக்கிறேன். புல்தரையில் பழகியவர்களிடம் இந்தக் கட்டுப்பாடு சீக்கிரம் வராது.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை, பல்லாவரம் போனேன். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இப்போது தர்காவாக இருக்கிறது. தூண்களைப் பார்த்தால் பல்லவர் வேலை என்று சட்டென்று தெரிந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் இந்த ஊரின் செம்மண். 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியை எடுத்தது இங்கேதான், படை அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில். இந்தியாவில் மனிதனின் பழமை எவ்வளவு என்ற கேள்வியையே மாற்றிப் போட்ட கல் அது. இந்த ஊர்ப் பசங்களுக்குப் பள்ளியிலேயே சொல்ல வேண்டும்.

அப்புறம் லோக்கல் ரயிலில் பரங்கிமலை. 135 படி, மேலே போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய தேவாலயம், கீழே விமான நிலையம். நில அளவையாளர் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலையும் உண்டு. 1802-இல் அவர் நில அளவைக்கு அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் கோடு, போட்டது இந்த மலையடியிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் வரைக்கும், சுமார் 12 கிலோமீட்டர், சங்கிலியை நீட்டி நீட்டி அளந்தார்கள். இமயமலை வரை போன அளவைக்கு இதுதான் தொடக்கம். அந்த அடிக்கோட்டை ஒட்டி ஒருநாள் நடந்து பார்க்க ஆசை, ஆனால் வழி முழுக்க வீடும் ரோடும்.

ஜனவரி 16, காணும் பொங்கல்

தெரு செவன்ஸ், டீமுக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால். கூட்டம் தாங்கவில்லை. பெனால்டியில் முடிந்தது.

ஜனவரி 26, ஞாயிறு

கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு. டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே இரண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் வரவேற்கின்றன, உள்ளே கல்லில் அவ்வளவு நுணுக்கமான எழுத்தும் சின்னங்களும். 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதரும் மேடும்தான். சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இருந்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும், ஒரு நல்ல பலகை வைத்தால் என்ன?

ஏரிக்கரையோரமாகவே நடந்தேன். சில்காவுக்கு அடுத்து இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். தூரத்தில் பூநாரைகள் தெரிந்தன, அருகே போக ஆழம் தெரியாமல் இறங்கக் கூடாது, படகுக்காரர்களைக் கேட்டுப் போவதுதான் சரி. குப்பத்துப் பக்கம் மணலில் பசங்க வலைக்கம்பு இரண்டை நட்டு கோல் போஸ்ட் ஆக்கியிருந்தார்கள். கோட்டைகளைவிட இந்த மாதிரி வெற்றுத் தரைதான் முதலில் காப்பாற்ற வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. கோட்டை இடிந்தாலும் அதன் கதை எங்காவது எழுதியிருக்கும். கிரவுண்டுக்கு வேலி போட்டு அடுக்குமாடி எழுப்பிவிட்டால், அந்த ஏரியாவிலிருந்து அடுத்த நந்தகுமார் எப்படி வருவார்?

அடுத்த ஞாயிறு மறுபடியும் முல்லை நகர்தான். அந்த இடதுகால் பையன் ஆடுகிறான் என்றார்கள், சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும்.