ஆடிச்சுற்றும் ஆச்சியின் புளியமுத்துகளும்

சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தெருவுக்கு நாலு கோமதியாவது பழக்கம் இருக்கும். என் வகுப்பில் மட்டும் நான்கு கோமதிகள் இருந்தோம். வருகைப்பதிவு எடுக்கும்போது தந்தை பெயரின் முதலெழுத்தை அழுத்திச் சொன்னால்தான் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது விளங்கும். பையன்களில் சங்கரநாராயணனும் கோமதிநாயகமும் ஆவுடையப்பனும் நிறைந்திருந்தார்கள். கோயில் யானையின் பெயரும் இன்று கோமதிதான். அம்பாளின் பெயரைச் சொல்லாமல் அந்த ஊரில் ஒருநாள் பொழுதைக் கழித்துவிட முடியாது.

ஊரை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகு, எங்கள் கோமதியம்மன் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு இந்த முறை பொதிகை ரயிலில் ஊருக்குப் போய்வந்தேன். காலையில் நிலையத்தில் இறங்கியதும் முதலில் வரவேற்றது காற்றுதான். குற்றாலத்துப் பக்கம் சாரல் விழும் நாட்களில் மேற்குமலையைத் தாண்டி வரும் காற்று, மழையை அங்கேயே விட்டுவிட்டு, வெறும் வேகத்தோடு எங்கள் கரிசல் காட்டில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் நுழையும். இப்போது அந்தக் காற்றில் ஊரைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழல்கின்றன. என் சிறுவயதில் அது பாவாடையைப் பறக்கவிடவும், அம்மா கையிலிருந்த மாவிளக்கை அணைக்கவும் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

ஆடித்தபசின் கதையை எனக்குச் சொன்னவள் என் ஆச்சி. நாகர்களின் அரசர்களான சங்கனுக்கும் பதுமனுக்கும் ஒரு வழக்கு: சங்கன் சிவனே பெரியவர் என்றான், பதுமன் திருமாலே பெரியவர் என்றான். தீர்ப்புக் கேட்டு இருவரும் அம்பாளிடம் வந்தார்கள். அம்பாள் தன் வாயால் தீர்ப்புச் சொல்லாமல், இருவரும் ஒருவரே என்பதை உலகம் கண்ணால் காணும்படி காட்டியருள வேண்டும் என்று இறைவனிடம் வேண்டிப் புன்னைவனமாக இருந்த இந்த இடத்துக்கு வந்து ஒற்றைக்காலில் தவமிருந்தாள். தேவமாதர்கள் பசுக்களாக அவளைச் சூழ்ந்து வந்ததாலும், நிலவு போன்ற முகம் கொண்டவள் என்பதாலும் கோமதி என்று பெயர் பெற்றாள். ஆடி மாதப் பௌர்ணமியில், உத்திராட நட்சத்திரத்தில், வலப்பாகம் சிவனும் இடப்பாகம் திருமாலுமாக இறைவன் சங்கரநாராயணராக அவளுக்குக் காட்சி கொடுத்தார். கோயிலில் சங்கரலிங்கர் சந்நிதிக்கும் அம்பாள் சந்நிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் நிற்கிறார். அங்கே துளசித் தீர்த்தமும் உண்டு, திருநீறும் உண்டு. அந்தச் சந்நிதியின் மூலவருக்கு அபிஷேகம் இல்லை. ஆதிசங்கரர் பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லப்படும் சந்திரமௌலீசுவர ஸ்படிக லிங்கத்துக்கே அபிஷேகம் நடக்கிறது.

கொடியேறியதும் ஊரில் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். 51, 108, 501, 1001 என்று அவரவர் நேர்ந்துகொண்ட கணக்குக்குக் கோயிலை வலம் வருவார்கள். இது வெறும் பிரதட்சிணம் அன்று. அம்பாள் ஒற்றைக்காலில் நிற்கிறாள், அந்தக் கால்வலியில் ஒரு பங்கை நாம் நடந்து வாங்கிக்கொள்கிறோம் என்பதுதான் சுற்றுகிறவர்களின் எண்ணம். பக்தர் தம் துன்பத்தைத் தெய்வத்திடம் இறக்கிவைக்கும் கோயில்கள் எத்தனையோ உண்டு. தெய்வத்தின் வலியைத் தன் காலில் வாங்கிக்கொள்ளும் இந்த வழக்கத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1986-இல் எனக்கு ஒன்பது வயது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் எங்கள் வீட்டு அரங்கில், அதாவது சாமான் வைக்கும் உள்ளறையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால், ஒரு நல்லபாம்பு வந்து இரண்டு நாள் தங்கிவிட்டது. யாரும் அதை அடிக்க ஆச்சி விடவில்லை. அரங்கு வாசலில் நின்று, அம்பாளின் இன்னொரு பெயரைச் சொல்லி, "ஆவுடையம்மா, உன் பிள்ளையை நீயே கூட்டிட்டுப் போயிரு" என்று கும்பிட்டு, வெள்ளித் தகட்டில் பாம்பு உருவம் வாங்கி உண்டியலில் போடுவதாகவும், வருகிற ஆடிக்கு 108 சுற்றுச் சுற்றுவதாகவும் நேர்ந்துகொண்டாள். மூன்றாம் நாள் பாம்பைக் காணவில்லை. ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

ஆச்சிக்கு அப்போதே முழங்கால் வீங்கியிருந்தது. ஒரே நாளில் 108 முடியாது என்பதால் நாளுக்குப் பன்னிரண்டாக ஒன்பது நாள் என்று பிரித்துக்கொண்டாள். கணக்கு வைக்கும் பொறுப்பு என்னுடையது. வீட்டிலிருந்து பன்னிரண்டு புளியமுத்துகளைச் சுருக்குப்பையில் போட்டுக் கொடுப்பாள். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு முத்தை எடுத்து என் பாவாடை மடிப்புக்குள் போட வேண்டும். புளியமுத்துக்கு ஒரு பளபளப்பு உண்டு. கட்டைவிரலால் தேய்க்கத் தேய்க்க அது கூடிக்கொண்டே போகும். ஆச்சி அந்தப் பன்னிரண்டையும் எல்லா நாளும் மாற்றாமல் பயன்படுத்தியதால், நாலைந்து நாளில் அவை எண்ணெய் தடவியதுபோல் கறுத்து மின்னின.

ஏழாம் நாள் பிரகாரத்தில் கூட்டம் நெரிந்தது. எதிரே வந்த ஒரு பையனின் கையில் ஊதல் ஒன்று புதிதாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே நடந்ததில் என் பாவாடை மடிப்பு அவிழ்ந்து, முத்துகள் கல்தரையில் சிதறின. நடக்கிற கால்களுக்கு நடுவே குனிந்து தேடியதில் சில கிடைத்தன, சில கிடைக்கவில்லை. எத்தனை சுற்று ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. "எத்தனையாச்சு, ஏட்டி?" என்று ஆச்சி கேட்டபோது, பயத்தில், "பன்னெண்டு ஆச்சு ஆச்சி" என்று சொல்லிவிட்டேன். ஆச்சி என் கையைப் பார்த்தாள், சுருக்குப்பையைத் தடவிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தூணில் சாய்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டு மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். "முடிஞ்சுட்டே ஆச்சி" என்றேன். "முடிஞ்சா என்ன, அம்மை இன்னும் நின்னுக்கிட்டுத்தானே இருக்கா" என்றாள். அதற்குப் பிறகு நான்கு சுற்றுச் சுற்றினாள். அந்த நான்கை நான் மிகச் சரியாக எண்ணினேன்.

ஊரின் மற்ற நினைவுகள் அனைத்தும் இந்தக் கோயிலைச் சுற்றியே கிடக்கின்றன. எங்கள் தெருவில் விசைத்தறிச் சத்தம் ஓய்கிற நாளென்றால் அது தபசு நாளாகத்தான் இருக்கும். உடம்பு சுட்டால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் கோயில் புற்றுமண் நெற்றியில் ஏறிவிடும். ஒரு துளி நாக்கிலும் வைப்பார்கள். முதல் மழை பட்ட கரிசலின் வாசனையை அப்படியே வாயில் வைத்ததுபோல் இருக்கும். பாண்டிய நாட்டின் பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊர் மண்ணுக்கு உரியது என்று பெரியவர்கள் சொன்னபோது, அந்த மண்ணின் ருசி தெரிந்திருந்ததால் எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கரிவலம்வந்தநல்லூர், தாருகாபுரம், தென்மலை, தேவதானம் ஆகிய மற்ற நான்கு தலங்களுக்கும் சிவராத்திரியன்று அப்பா ஒருமுறை கூட்டிச்சென்றார். பேருந்தில் தூங்கியதுதான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

இம்முறை நானும் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினேன். முதல் நான்கு சுற்றுகளில் சுவரையும் தூண்களையும் பழைய நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏழாவதில் குதிகால் வலிக்கத் தொடங்கியது. ஒன்பதாவதில் வேறு எந்த நினைவும் இல்லாமல் வலி மட்டுமே இருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியம்மா, இடுப்பில் கைவைத்தபடி, நாலடிக்கு ஒருமுறை "தாயே" என்று சொல்லிக்கொண்டு நடந்தார்கள். அவர்களை முந்திப்போக மனம் வராமல் கடைசி மூன்று சுற்றுகளும் அவர்களின் வேகத்திலேயே நடந்தேன். சிறுமியாக ஆச்சியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சுற்றியபோது எனக்குக் கால் வலித்ததே இல்லை. அந்த வலி முழுவதையும் அவள் ஒருத்தியே வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் என் காலுக்குத் தெரிந்தது.

பதினோராம் நாள் பகலிலேயே அம்பாள் தவக்கோலத்தில் தெற்கு ரதவீதித் தபசு மண்டபத்துக்கு எழுந்தருளிவிடுகிறாள். மாலையில் சுவாமி சங்கரநாராயணராக ரிஷப வாகனத்தில் வருகிறார். வீதி முழுவதும் தலைகள், மாடிகளிலும் தலைகள். காட்சி கொடுக்கும் அந்தக் கணத்தில் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் கம்பையும் சோளத்தையும் மிளகாய் வத்தலையும் சப்பரத்தை நோக்கிச் சூறை விடுகிறார்கள். வானத்திலிருந்து வெள்ளாமையே பொழிவதுபோல் இருக்கும். வத்தல் நெடியில் கண் எரியும், கம்பு தலைமுடிக்குள் புகுந்துகொள்ளும், ஒருவரும் நகரமாட்டார்கள். இந்த மண்ணில் மழை எவ்வளவு அருமையானது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்தக் கைப்பிடித் தானியத்தை வீசும் கையில் எவ்வளவு நன்றியும் எவ்வளவு வேண்டுதலும் இருக்கிறது என்பது புரியும். நள்ளிரவுக்கு மேல் சங்கரலிங்கராக யானை வாகனத்தில் இறைவன் மீண்டும் காட்சி தருகிறார். அந்த இரண்டாம் காட்சிவரை விழித்திருக்கச் சிறுவயதில் எனக்கு முடிந்ததே இல்லை. ஆச்சியின் மடியில் தூங்கி, அப்பாவின் தோளில் வீடு வந்து சேர்ந்திருப்பேன். இம்முறை நின்று பார்த்தேன்.

சூறையில் வந்து விழும் பருத்தியை ஆச்சி ஒவ்வொரு வருடமும் தவறாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து கொட்டையை நீக்கி, பஞ்சை விரலால் இழுத்து, தொடையில் வைத்துத் திரித்து, ஆடி கடைசி வெள்ளிக்கு அந்தத் திரியில்தான் விளக்கேற்றுவாள். இந்தத் தபசில் என் தோளில் பட்டு விழுந்த ஒரு பருத்திச்சுளையைக் கூட்டத்துக்குள் குனிந்து எடுத்துக்கொண்டேன். திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், ஏழு இருந்தன. எண்ணிவிட்டு, பஞ்சைத் திரிக்கத் தொடங்கினேன். ஆச்சி திரித்ததுபோல் சீராக வரவில்லை, நடுவில் தடித்துப்போயிற்று. ஆடி கடைசி வெள்ளியன்று நல்லெண்ணெய் ஊற்றி அதை ஏற்றினேன். தடித்த இடம் வந்தபோது சுடர் சற்று உயர்ந்து எரிந்தது.