நன்றாகத்தானே கதைக்கிறார்

களைநாசினி உட்கொண்ட ஒருவரைக் கொண்டுவந்தால் உறவினர்கள் முதலில் கேட்பது நுரையீரலைப் பற்றித்தான். அந்தப் பயத்தை விட்டுப்போனது, நுரையீரலை அழிக்கும் பரகுவாட் என்ற களைநாசினி. 2008 முதல் 2011 வரை படிப்படியாக இலங்கையில் அது தடைசெய்யப்பட்டது. அதைக் குடித்தவர் பெரும்பாலும் கடைசிவரை நினைவு தப்பாமலே இருப்பார் என்று மூத்த தாதியர் வேதனையோடு சொல்வார்கள். கொழும்பில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் எனக்கோ, மூளையைத் தாக்கும் குளுஃபோசினேட் என்ற களைநாசினிதான் பெரிய அச்சம்.

அது உடனே முகம் காட்டாது. வத்தளைப் பக்கமிருந்து ஒரு தோட்ட வேலைக்காரர் வந்தார். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்ததைத் தாகத்தில் குடித்துவிட்டார். இரண்டு முறை வாந்தி, கொஞ்சம் வயிற்றுவலி, அவ்வளவுதான். கட்டிலில் உட்கார்ந்து தேநீர் கேட்டார்.

"நன்றாகத்தானே கதைக்கிறார் மிஸ், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டுமா?" என்றார் மனைவி.

"இரண்டு நாளைக்காவது விடமாட்டோம் அக்கா."

அன்றிரவு அவருடைய பதில்கள் தாமதித்தன. கண்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. பிறகு வலிப்பு. மூச்சு தளர்ந்ததும் குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்தோம்.

செடியில் குளுட்டமின் உருவாக்கும் நொதியை இந்த நஞ்சு முடக்குகிறது. அமோனியா தேங்கிச் செடி கருகுகிறது. அதே நொதி நம் மூளையிலும் இருக்கிறது. இரத்தத்தில் அமோனியா ஏறுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது அதனால்தான். இதற்கு முறிமருந்து கிடையாது. முன்பு நெல்வயலுக்கு அடித்த புரொப்பனில் என்ற களைநாசினி என்றால் கதை வேறு. ஊசியில் எடுக்கும் இரத்தம் சொக்லேட் நிறத்தில் வரும். ஒட்சிசன் போதாமல் நோயாளி மயங்குவார். அதற்கு மெதிலீன் நீலம் என்ற முறிமருந்தைக் கொடுக்கலாம். எனவே எது உள்ளே போனது என்பது தெரிந்தாக வேண்டும். இவருடைய மகன் மூலப் போத்தலைத் தேடிப் பிடித்து, லேபிளைப் படமெடுத்து அனுப்பினார். அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் நன்றி சொல்கிறேன்.

குழாயை எடுத்த பிறகு மனைவியை அடையாளம் கண்டார். ஆனால் "நான் எப்போது இங்கே வந்தேன்?" என்று கேட்டு, பதிலுக்குத் தலையாட்டி, கஞ்சி குடித்து முடிப்பதற்குள் அதையே மறுபடியும் கேட்டார். புதிய நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் இந்த நஞ்சால் பாதிக்கப்படுவது எம்.ஆர்.ஐ. படங்களில் காணப்பட்டிருக்கிறது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், "புத்தி பேதலித்துவிட்டது" என்று அவர் காதுபடவே சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அது பைத்தியமுமல்ல, நடிப்புமல்ல, நஞ்சு செய்த காயம். பலருக்கு வாரங்களில், சிலருக்கு மாதங்களில் தேறும் என்று எல்லோரையும் வைத்துக்கொண்டு விளக்கினேன்.

வார்ட்டில் சிங்களத்தில் சொல்லப்படுவதில் பாதிதான் அந்த அக்காவுக்குப் புரிந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாவற்றையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள், மோட்டார் சைக்கிள் சாவியை ஒளித்து வையுங்கள், கேட்டதையே கேட்டால் சலிக்காமல் பதில் சொல்லுங்கள், நரம்பியல் கிளினிக்கைத் தவறவிடாதீர்கள். மீதமிருந்த களைநாசினியை என்ன செய்வது என்று அவராகவே கேட்டார். மூலப் போத்தலிலேயே வைத்துப் பூட்டுங்கள் என்றேன்.